சீதன ஓலையும் நம்ம கையெழுத்தும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



இந்த வருஷம் குழுவுக்கு ஒரு தலைப்பு கொடுத்திருக்காங்க. எங்க குழுவுக்கு வந்தது ‘பெண்ணும் சொத்தும்’. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வக்கீல் இல்லை. அதனால கிளை நூலகத்துல கிடைச்ச புத்தகங்களை வாங்கிப் படிச்சேன். அதுல ஒரு விஷயம் என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. 300 வருஷத்துக்கு முன்னால, கிராமத்துல நிலம் நீச்சு வச்சிருந்த தமிழ்க் குடும்பங்கள்ல அப்பா அம்மா சொத்து யாருக்குப் போச்சு, பொண்ணுக்கு என்ன கொடுத்தாங்கன்னு எழுதி வச்ச ஒரு கணக்கு இருக்கு. அதை முதல்ல சொல்றேன். அப்புறம் நம்ம கதைக்கு வர்றேன்.

அந்தக் கணக்கு யாழ்ப்பாணத்துக் கணக்கு. நம்ம கோடியக்கரைக்கு எதிர்க்கரை. 1658ல டச்சுக்காரங்க போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிச்சாங்க. அதே வருஷம் நம்ம நாகப்பட்டினத்தையும் பிடிச்சாங்க. ஆளுறவங்களுக்கு அங்கே பெரிய தலைவலியா இருந்தது சொத்து வழக்கு. அண்ணன் தம்பி வழக்கு, மாமன் மச்சான் வழக்கு. எந்த வழக்கத்தை வச்சுத் தீர்ப்பு சொல்றதுன்னு தெரியலை. அதனால 1706ல ஆளுநர் சைமன்ஸ் என்பவர், இந்த ஊர் வழக்கத்தை எல்லாம் எழுதிக் கொடுங்கன்னு உத்தரவு போட்டார். யாழ்ப்பாணத்துல 37 வருஷம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்கிற அதிகாரி 1707 ஜனவரியில எழுதிக் கொடுத்தார். அதைத் தமிழாக்கி 12 முதலியார்கள் கையில கொடுத்து, சரியா இருக்கான்னு பார்க்கச் சொன்னாங்க. அவங்களும் சரின்னு ஒப்புக்கிட்டாங்க. அதுக்குப் பேர் தேசவழமை. தேசத்து வழக்கம்னு அர்த்தம். பின்னால இங்கிலீஷ்காரங்க வந்தப்பவும் 1806ல அதையே சட்டமா ஏத்துக்கிட்டாங்க. இன்னைக்கும் இலங்கையில வட மாகாணத் தமிழர்களுக்கு, மாறுதல்களோட, அது நடைமுறையில இருக்கு.

அதுல சொத்தை மூணாப் பிரிச்சிருக்காங்க. புருஷன் தன் வீட்டுப் பக்கத்துல இருந்து கொண்டு வந்தது முதுசம். பொண்டாட்டி கொண்டு வந்தது சீதனம். கல்யாணத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து சம்பாதிச்சது தேடியதேட்டம். இந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தேடித் தேடிச் சேர்த்தது தேட்டம். நம்ம குழுவுல வாரம் வாரம் போடுற சேமிப்பும் ஒரு தேட்டம்தானே.

பழைய வழக்கம் என்னன்னா, அப்பாவோட முதுசம் மகன்களுக்கு. அம்மாவோட சீதனம் மகள்களுக்கு. ரெண்டு பேரும் தேடினது மகன், மகள் எல்லோருக்கும். அதுலயும் பொண்ணுங்க பங்கு கொஞ்சம் கூடுதலா இருந்தா அண்ணன் தம்பிங்க ஒத்துக்கணும்னு எழுதியிருக்கு. அதாவது நிலத்துல பாதி அம்மா வழியா மகளுக்கு, மகள் வழியா பேத்திக்குன்னு பொம்பளை வழியிலேயே போய்க்கிட்டு இருந்திருக்கு. பொண்ணுக்கு நிலமே கிடையாதுன்னு நம்ம பெரியவங்க சொல்றப்ப, அது ஆதியில இருந்து வந்த வழக்கம் மாதிரிச் சொல்வாங்க. எல்லாத் தமிழ் ஊர்லயும் அப்படி இல்லைங்கிறதுக்கு இது எழுத்துல இருக்கிற சாட்சி.

போர்ச்சுகீசியர் காலத்துல இது மாறிடுச்சுன்னு அந்தத் தொகுப்பே சொல்லுது. அப்பா முதுசமா, அம்மா சீதனமா, தேட்டமான்னு பார்க்காம, எதுல இருந்து வேணும்னாலும் எடுத்துப் பொண்ணுக்குச் சீதனம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. கொடுக்கும்போது பனை ஓலையில எழுதிக் கொடுக்கணும். அதுதான் சீதன ஓலை. இந்த வயல், இந்தத் தோட்டம், இந்த நகைன்னு அதுல இருக்கும். ஆனா ஒரு கட்டு இருக்கு. ஓலையில எழுதின சீதனத்தை வாங்கிட்டுப் போன பொண்ணு, அதோட திருப்திப்பட்டுக்கணும். அப்பா அம்மா செத்த பிறகு மிச்சச் சொத்துல பங்கு கேட்டு வரக் கூடாது. கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னா மட்டும் எல்லாம் அவளுக்கு. இன்னொரு கட்டு, ஓலையில எழுதின நிலத்தைப் பத்து வருஷத்துக்குள்ள போய்த் தன் வசப்படுத்திக்கணும். இல்லைன்னா அந்த உரிமை போச்சு.

சரி, மகன்களுக்கு மட்டும் எல்லாம் சும்மாவா வந்துச்சு? அதுவும் இல்லை. அப்பா அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் மகன் பங்கு கேட்க முடியாது. கல்யாணம் ஆகாத மகன் சம்பாதிக்கிறதையும் குடும்பத்துப் பொதுவுலதான் போடணும். அப்பா அம்மா வச்சுட்டுப் போன கடனை மகன்கள்தான் அடைக்கணும். அவங்க எந்தச் சொத்தும் வைக்காமப் போயிருந்தாக்கூட கடன் மகன் தலையிலதான். பொண்ணு தலையில இல்லை.

உயில் விஷயத்துக்கு வர்றேன். உயில்ங்கிற வார்த்தையே இங்கிலீஷ் வார்த்தையில இருந்து வந்ததுதான். ‘நான் செத்த பிறகு எல்லாம் இவனுக்கு மட்டும்’னு ஒரு ஆள் தன் இஷ்டத்துக்கு எழுதி வைக்கிறது நம்ம பழைய சாஸ்திரங்கள்லயும் கிடையாது. வெள்ளைக்காரன் கோர்ட்டு வந்த பிறகுதான் அது நம்ம குடும்பங்கள்ல பரவுச்சு. தேசவழமையில புருஷன் தன் முதுசத்துல இருந்து யாருக்காவது தானமாக் கொடுக்கணும்னா, பத்துல ஒரு பங்கு கொடுக்கலாம். அதுக்கு மேல கொடுக்கணும்னா பொண்டாட்டி, பிள்ளைங்க சம்மதம் வேணும். இதைப் படிச்சப்ப, குடிச்சே ஒரு ஏக்கரை அழிச்ச ஆளுங்க எல்லாம் என் கண்ணு முன்னாடி வந்து போனாங்க.

நிலத்தை விக்கணும்னாலும் சட்டுன்னு வித்துட முடியாது. பங்காளிக்கும், பக்கத்து நிலத்தை ஒத்திக்கு வச்சிருக்கிறவனுக்கும் முதல்ல சொல்லணும். டச்சுக்காரங்க காலத்துல மூணு ஞாயிற்றுக்கிழமை கோயில்ல, அதாவது அவங்க சர்ச்சுல, எல்லோரும் கேட்க அறிவிச்ச பிறகுதான் விக்கணும்னு வச்சாங்க. பிள்ளை தத்து எடுத்தாலும் அப்படித்தான். சொந்தக்காரங்க கூடி, சம்மதம்ங்கிறதுக்கு அடையாளமா மஞ்சள் தண்ணியில விரலை நனைப்பாங்க. தத்து எடுக்கிறவங்க அந்தத் தண்ணியைக் குடிப்பாங்க. எல்லாம் நாலு பேர் பார்க்க நடந்திருக்கு.

விதவைப் பொண்ணுக்கு என்ன வழின்னும் எழுதியிருக்கு. புருஷன் செத்துட்டா, மறுகல்யாணம் செய்யாத வரைக்கும் சொத்து அவ பொறுப்புல இருக்கும். பொண்ணுங்களுக்குச் சீதனம் எழுதிக் கொடுக்கிறதும் அவதான். மகன் வந்து பிரிச்சுக் கொடுன்னு மிரட்ட முடியாது. மறுகல்யாணம் செஞ்சுக்கிட்டா, புருஷனோட முதுசத்தையும் தேட்டத்துல பாதியையும் பிள்ளைங்களுக்காக விட்டுடணும். பொண்டாட்டி செத்து ஆம்பளை மறுகல்யாணம் செஞ்சாலும் அதே மாதிரிதான். அவ கொண்டு வந்ததையும், தேட்டத்துல பாதியையும் அவ பிள்ளைங்களுக்கு விட்டுடணும். பிள்ளைங்களை அம்மாச்சி வீட்டுல வளர்ப்பாங்க.

கேட்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நியாயம் இல்லை. அந்தக் காலத்துப் பொண்ணுக்கு சீதன நிலம் அவ பேர்ல இருந்துச்சு, ஆனா புருஷன் சம்மதம் இல்லாம அதை விக்கவோ தானம் கொடுக்கவோ முடியாது. இதைவிடப் பெரிய கொடுமை ஒண்ணு இருக்கு. மனுஷங்களை அடிமையா வச்சிருந்த காலம் அது. தேசவழமையில அடிமைகளுக்குன்னே ஒரு பகுதி இருக்கு. நிலத்தைப் போல, மாட்டைப் போல, மனுஷங்களையும் சீதனமாகக் கொடுத்திருக்காங்க. சீதன ஓலையில பேர் எழுதப்பட்ட பொண்ணுங்களும் உண்டு, வாங்குறவளா இல்லாம பொருளா. இலங்கையில 1844லதான் அடிமை முறையை முழுசா ஒழிச்சாங்க. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மள்ல நிறையப் பேருடைய பாட்டிமார் நிலம் இருந்த வீட்டுல பிறந்தவங்க இல்லை, அந்த நிலத்துல பண்ணை வேலை பார்த்தவங்க. அதனால பழைய வழக்கம் எல்லாம் பொன்னுன்னு சொல்ல நான் வரலை.

நான் வந்தது வேற ஒண்ணைச் சொல்ல. ‘உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே, இனிமே உனக்கு என்ன பங்கு?’ இந்தப் பேச்சைக் கேட்காத பொண்ணு இந்தப் பந்தல்ல இருக்கீங்களா? இது 1707ல எழுதின அதே கணக்குதான். சீதனம் வாங்கினவளுக்கு மிச்சத்துல பங்கு இல்லை. ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. அந்தப் பொண்ணுக்கு நிலத்தைக் கொடுத்தாங்க, ஓலையில எழுதிக் கொடுத்தாங்க, வயலுக்கு இன்னார் உரிமைன்னு ஊருக்குத் தெரிஞ்சுது. நமக்குக் கொடுத்தது என்ன? பத்து பவுனோ பதினைஞ்சு பவுனோ. முதல் பிரசவத்துக்குள்ள அதுல பாதி அடகுக் கடைக்குப் போயிடும். ரொக்கத்தை மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக்கிறாங்க. நம்ம பேர்ல ஒரு சென்ட் கிடையாது. பழைய வழக்கத்துல நமக்கு நஷ்டமான பாதியை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டு, நிலம் கொடுத்த பாதியை விட்டுட்டாங்க. அதுவும் வரதட்சணை கொடுக்கிறதும் வாங்குறதும் 1961ல இருந்து சட்டப்படி குற்றம். குற்றமான ஒண்ணைக் காட்டி, நியாயமான பங்கை எப்படி இல்லைன்னு சொல்ல முடியும்?

இப்ப நம்ம நாட்டுச் சட்டம். மெதுவாச் சொல்றேன், நோட்டுல எழுதிக்கிறவங்க எழுதிக்கங்க.

பெண்ணுக்கும் சொத்துல சம உரிமை வேணும்னு 1929லயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெரியார் தீர்மானம் போட்டார். 1956ல இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துச்சு. அப்பா தானாச் சம்பாதிச்ச சொத்தை உயில் எழுதாம இறந்துட்டா, மகன், மகள், மனைவி, இறந்தவரோட அம்மா, எல்லோருக்கும் சம பங்கு. ஆனா பாட்டன் வழிப் பூர்வீகச் சொத்துல மகனுக்கு இருந்த பிறப்புரிமை மகளுக்கு இல்லை. அதைத் தமிழ்நாட்டுல 1989ல மாத்தினாங்க. அதுலயும் 25.3.1989க்கு முன்னால கல்யாணம் ஆன பொண்ணுக்குக் கிடையாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. 2005ல இந்தியா முழுசுக்கும் திருத்தம் வந்தப்ப அந்த வரியும் போச்சு. கல்யாணம் ஆனாலும் ஆகாட்டியும், எப்ப ஆகியிருந்தாலும், மகளுக்கும் மகன் மாதிரியே பிறப்பால உரிமை. 2020 ஆகஸ்டுல உச்ச நீதிமன்றம், 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னும் சொல்லிடுச்சு. ஒண்ணு மட்டும், 20.12.2004க்கு முன்னாலேயே முறையாப் பதிவு செஞ்சு முடிச்ச பாகப்பிரிவினையை இப்ப கிளற முடியாது. இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவ சகோதரிகளுக்கு 1925 சட்டம், அதுல மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம் சகோதரிகளுக்கு ஷரியத் முறை, அதுல மகளுக்கு மகன் பங்குல பாதி உண்டு. மூணுலயும் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு எங்கேயும் இல்லை.

அப்புறம் ஏன் நம்ம கையில நிலம் இல்லை? எங்க அம்மா விஷயத்தையே சொல்றேன். அம்மாவுக்குக் கல்யாணம் 1983ல. தாத்தா இறந்தது 2009ல. காரியம் முடிஞ்சு ஒரு மாசத்துல மாமா ஆட்டோ எடுத்துட்டு வந்தார். ‘அக்கா, பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்து’ன்னார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பத்திரத்தை அங்கே யாரும் வாசிச்சுக் காட்டலை. திரும்பி வரும்போது ஒரு பட்டுப்புடவையும் ரெண்டாயிரம் ரூபாயும் கையில இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு அந்தப் பத்திரத்தோட நகலை நான் வாசிச்சுப் பார்த்தேன். அது விடுதலைப் பத்திரம். தன் பாகத்தை மனப்பூர்வமா விட்டுக் கொடுத்ததா எழுதியிருந்துச்சு.

‘ஏம்மா போட்டே?’ன்னு கேட்டேன். அம்மா சொன்னாங்க, “எனக்குத் தெரியாமலா இருக்கும்? பங்கு கேட்டா தம்பி வாசலை மிதிக்க முடியுமா? உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேணாமா? நாளைக்கு நான் செத்தா கோடித்துணி போட யாரு வருவா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. மாமாவும் கெட்டவர் இல்லை. என் பிள்ளைங்க காதுகுத்துக்கு முன்னால நின்னு செஞ்சவர் அவர்தான்.

சட்டப் புத்தகத்துல இல்லாத இடம் இதுதான். நம்ம பொண்ணுங்க நிலத்தைக் கொடுத்துப் பிறந்த வீட்டு வாசலை வாங்கிக்கிறாங்க. புருஷன் அடிச்சா ஓடிப் போக, நோய் வந்தா படுக்க, அந்த வாசல் வேணும். அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். விட்டுக் கொடுக்கணும்னு ஒரு பொண்ணு நினைச்சா அது அவ உரிமை. ஆனா எவ்வளவு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். ரெண்டாயிரம் ரூபாய்க்கு எத்தனை குழி நிலம் போச்சுன்னு தெரிஞ்சிருக்கணும். பழைய காலத்துல மூணு வாரம் ஊர் கேட்க அறிவிச்ச விஷயம், இன்னைக்கு ஒரு ஆட்டோ சவாரியில முடிஞ்சு போகக் கூடாது.

பேர்ல நிலம் இருந்தா என்ன, இல்லைன்னா என்னன்னு கேட்கலாம். 2018 கஜா புயல்ல தென்னை விழுந்தப்ப, கணக்கெடுக்க வந்தவங்க முதல்ல கேட்டது பட்டா யார் பேர்லன்னுதான். முப்பது வருஷம் தண்ணி ஊத்தின பொம்பளை பேரை யாரும் கேட்கலை. பயிர்க்கடன் வாங்கணும்னாலும் அதே கேள்விதான் வரும்.

அதனால நாலு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க.

முதல்ல, பத்திரத்தோட தலைப்பைப் படிங்க. விடுதலைப் பத்திரம்னா பங்கை விட்டுட்டோம். பாகப்பிரிவினைன்னா பிரிச்சுக்கிறோம். செட்டில்மெண்ட்னா அன்னைக்கே எழுதிக் கொடுத்துடுறோம், நினைச்சபடி ரத்து செய்ய முடியாது. உயில்னா எழுதினவர் காலத்துக்குப் பிறகுதான் செல்லும், உயிரோட இருக்கிற வரைக்கும் மாத்திக்கலாம்.

ரெண்டாவது, உயிலுக்கு முத்திரைத்தாள் வேணாம். பதிவு கட்டாயம் இல்லை, பதிவு செஞ்சா நல்லது. ரெண்டு சாட்சி கட்டாயம். நம்ம பேர்ல இருக்கிற வீடோ நிலமோ நம்ம சொந்தச் சொத்து. அதை யாருக்கு எழுதணும்னு முடிவு பண்ணுற உரிமை நமக்குத்தான். வயசான அக்காமார், பிள்ளை கேட்டான்னு உடனே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டு நடுத்தெருவுல நிக்காதீங்க. உயில் எழுதினா சாகுற வரைக்கும் வீடு உங்க கையில இருக்கும்.

மூணாவது, சந்தேகம் வந்தா கோர்ட்டுல இருக்கிற சட்டப் பணிகள் குழுவுல போய்க் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் வச்சுக் கொடுப்பாங்க.

நாலாவது நம்ம வீட்டுக் கணக்கு. நமக்கும் மகன் இருக்கான், மகள் இருக்கா. அண்ணன்கிட்ட பங்கு கேட்கத் தயங்குற நாமளே, நாளைக்கு மகளுக்குப் பங்கு கொடுக்கத் தயங்குவோம். எங்க வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து வாங்கின மனை அஞ்சு சென்ட். ரெண்டு பேர் பேர்லயும் பத்திரம். அது எங்க தேடியதேட்டம். பொண்ணுக்கும் பையனுக்கும் சரி பாதின்னு பேசி வச்சிருக்கோம். என் மாமியார் மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்க. பரவாயில்லை, பேசிக்கிட்டு இருக்கோம்.

கடைசியா எங்க குழு போட்ட ஒரு தீர்மானத்தைச் சொல்றேன். எங்க உறுப்பினர் யாரும் குடும்பச் சொத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, அதோட நகலைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வரணும். படிக்கத் தெரிஞ்சவங்க சத்தமா வாசிக்கணும். அதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுறதும் போடாததும் அவங்க விருப்பம். நாங்க தடுக்க மாட்டோம். வாசிக்க மட்டும் செய்வோம். இந்த ஆறு மாசத்துல ரெண்டு பேர் கொண்டு வந்தாங்க. ஒருத்தங்க தெரிஞ்சே தம்பிக்கு விட்டுக் கொடுத்தாங்க. இன்னொருத்தங்க அண்ணன்கிட்ட பேசி, வீட்டோட பின்பக்கம் நாலு சென்டைத் தன் பேருக்கு வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் இன்னைக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்வந்துக்கிட்டுதான் இருக்காங்க.

இந்தத் தீர்மானத்தைக் கூட்டமைப்புல இருக்கிற எல்லாக் குழுவும் தீர்மான நோட்டுல ஏத்தணும்னு எங்க குழு சார்பாகக் கேட்டுக்கிறேன்.